நல்ல ஹெட்போனுக்கு மாறுகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

போனோடு வந்த இயர்போனிலிருந்தோ சாதாரண புளூடூத் செட்டிலிருந்தோ நல்ல ஹெட்போனுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் இடறுகிறார்கள். ஆம்ப் (ஒலியின் சக்தியைக் கூட்டும் கருவி), டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), கேபிள் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்துவிட்டு, காதில் மாட்டுகிற பொருளைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். காதுக்கு எட்டும் மாற்றத்தில் பெரும்பங்கு ஹெட்போனிலிருந்துதான் வருகிறது. அடுத்தது அது காதில் உட்காரும் விதம், அதற்கடுத்தது ஈக்யூ, அதாவது பேஸ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். டாக், ஆம்ப் எல்லாம் அதற்கும் பின்னால். செலவும் அதே வரிசையில் போக வேண்டும்.

வட சென்னைக்காரர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது நம் வீட்டுச் சத்தம். அதனால் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒலி அளவு காட்டும் ஏதாவது ஒரு போன் செயலி. நன்றாக மனப்பாடமான ஐந்தாறு பாட்டுகள், தரமான கோப்பாக, இணையம் இல்லாமலே ஓடும்படி போனில். இப்போது பயன்படுத்தும் பழைய ஹெட்போன். அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஒப்பிடுவதற்கு அதுதான் அளவுகோல். கண்ணாடி போடுபவர் என்றால் அந்தக் கண்ணாடி.

பாட்டுத் தேர்வில் ஒரு யோசனை. பிடித்த பாட்டுகளாக மட்டும் எடுக்காமல், குறையைக் காட்டிக்கொடுக்கும் பாட்டுகளாக எடுங்கள். மிருதங்கத் தனி ஒன்று: இடப்பக்கத் தொப்பியின் ‘கும்’ பேஸைச் சொல்லும், வலந்தலையின் ‘நம்’ நடு ஒலியைச் சொல்லும். நாதஸ்வரம், தவில் சேர்ந்த பதிவு ஒன்று: மேல் ஒலி காதைக் குத்துகிறதா என்று உடனே தெரிந்துவிடும். பேஸ் கிட்டார் தனியாக நடக்கும் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று. டோலக்கோடு பாடிய கானா ஒன்று. பெண் குரலில் ‘ஸ’, ‘ஷ’ நிறைய வரும் பாட்டு ஒன்று. இந்த ஐந்தும் போதும்.

2. முதலில் வீட்டுச் சத்தத்தை அளந்து பாருங்கள்

நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அறையில், வழக்கமான நேரத்தில், ஃபேன் ஓடும்போது செயலியைத் திறந்து ஐந்து நிமிடம் வையுங்கள். போன் மைக் துல்லியமானதல்ல. ஆனாலும் சாயங்காலம் 7 மணிக்கும் இரவு 11 மணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

இது எதற்கென்றால், பெயர்பெற்ற ஹை-ஃபை ஹெட்போன்களில் பல ஓப்பன்-பேக் வகை. பின்பக்கம் சல்லடை போலத் திறந்திருப்பதால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். அமைதியான அறையில் அதன் விரிந்த ஒலிக்கு ஈடில்லை. ஆனால் சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்க முடியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகும் வீடு, கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு, ஆடி மாதம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் தெரு என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கமெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அடியில் போய்விடும். அதை மீட்க வால்யூமைக் கூட்டுவீர்கள். கெடுவது காது.

எங்கள் கணக்கு இது. ஃபேன் ஓடும்போது செயலி 45 டெசிபெலுக்குக் கீழே காட்டினால் ஓப்பன்-பேக் தாராளமாக வாங்கலாம். 50-ஐத் தாண்டினால் மூடிய வகைதான். லாரி உறுமலும் ரயில் அதிர்வும் ஓயாத வீடு என்றால் காதுக்குள் செருகும் நல்ல ஒயர் இயர்போன்தான் புத்திசாலித்தனமான தேர்வு. மூடிய ஹெட்போன்கள் பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம் போன்ற மேல் ஒலிகளை நன்றாகத் தடுக்கும், லாரியின் அடி உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. அந்த உறுமலை அடக்குவதில் நாய்ஸ் கேன்சலிங் கெட்டி.

மூடிய வகையில் ஒரு தொந்தரவு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வியர்த்துவிடும். துணி இயர்பேட் உள்ள மாடல் கிடைத்தால் நல்லது.

3. இருப்பதிலேயே உள்ள குறையைக் கழித்துவிடுங்கள்

புதியது வாங்கும் முன் இதைச் செய்யாவிட்டால் பழைய கோளாறு புதியதிலும் தொடரும், பழி ஹெட்போன் மேல் விழும்.

போனில் டால்பி, ‘பேஸ் பூஸ்ட்’, ‘3டி சவுண்ட்’ எது இருந்தாலும் அணையுங்கள். பாட்டுச் செயலியின் ஒலித் தரத்தை உச்சத்துக்கு மாற்றுங்கள். மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, டவுன்லோடுக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆப்பிள் மியூசிக்கில் இழப்பற்ற ஒலி (லாஸ்லெஸ்) 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. ஆனால் செட்டிங்ஸில் நாமே போட வேண்டும்.

கோப்பு பற்றி ஒரு வார்த்தை. சிடியின் அளவு நொடிக்கு 1,411 கிலோபிட். அதற்கும் ஒழுங்காகச் செய்த 320 கிலோபிட் எம்பி3-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சந்தேகம் இருந்தால் கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளைப் போட்டு அதன் ஏபிஎக்ஸ் சோதனையை நடத்துங்கள். எது எது என்று தெரியாமல் 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு நிஜமாகவே கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 சதவீத வாய்ப்புகூடக் கிடையாது. எப்போதோ இறக்கிய 128 கிலோபிட் எம்பி3-களும் ‘பேஸ் பூஸ்டட்’, ‘8டி ஆடியோ’ என்று யூடியூபில் ஏற்றிய பதிவுகளும் வேறு கதை. அவற்றை நல்ல ஹெட்போன் காப்பாற்றாது, அம்பலப்படுத்தும்.

புளூடூத்திலேயே தொடரப்போகிறவர்களுக்கு: எல்டிஏசி என்ற புளூடூத் ஒலி முறையின் உச்சம் நொடிக்கு 990 கிலோபிட். வீட்டோடு வீடு ஒட்டி, ஒவ்வொரு வீட்டிலும் வைஃபை ஓடும் தெருவில் அது விட்டுவிட்டு வரும். போனின் டெவலப்பர் ஆப்ஷனில் 660-க்கு இறக்குங்கள், திணறல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

4. உங்கள் போனால் இந்த ஹெட்போனை ஓட்ட முடியுமா

‘ஓம் அதிகம் என்றால் தரம் அதிகம்’, ‘ஆம்ப் இல்லாமல் வாங்கவே கூடாது’ என்று இரண்டு பக்கமும் தவறாகச் சொல்வார்கள். கடைக்குப் போகும் முன் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம், அதாவது ஹெட்போனின் மின்தடை. இன்னொன்று சென்சிடிவிட்டி, அதாவது 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்பது. போன் கொடுப்பது வோல்ட் என்பதால் இதை 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 16 ஓம் என்றால் 18 கூட்டுங்கள், 32 ஓம் என்றால் 15, 80 ஓம் என்றால் 11, 250 ஓம் என்றால் 6, 300 ஓம் என்றால் 5.

இரண்டு உதாரணம். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபெல். 14 கூட்டினால் 113. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் மாடல் 96 டெசிபெல். 6 கூட்டினால் 102. ஒரே போன், ஒரே வால்யூம், ஆனால் இரண்டுக்கும் இடையே 11 டெசிபெல் வித்தியாசம். இரண்டாவதை மாட்டியதும் ‘சத்தமே இல்லை, ஏமாந்துவிட்டோம்’ என்று தோன்றுவது இதனால்தான். ஒலித் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இது போதுமா என்று பார்க்கலாம். ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் (போனின் சார்ஜ் துளையில் செருகி ஹெட்போனை மாட்டும் அடாப்டர்) முழு அளவில் சுமார் 1 வோல்ட் கொடுக்கும். அதில் டிடி 990 ப்ரோவுக்கு உச்சம் 102 டெசிபெல். இன்றைய சினிமாப் பாட்டின் சராசரி, உச்சத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழேதான் இருக்கும். ஆக 90 டெசிபெல் கிடைக்கிறது, அதுவே நீண்ட நேரம் கேட்கக் கூடாத அளவு. ஆனால் மெதுவாகப் பதிவான பழைய கச்சேரியின் சராசரி 25 டெசிபெல் வரைகூடக் கீழே இருக்கும், அப்போது 77 டெசிபெல்தான் கைக்கு வரும். கச்சேரியின் மெல்லிய இடங்கள் ஃபேன் சத்தத்தில் அமுங்கிவிடலாம். கச்சேரி கேட்பவருக்கு ஆம்ப் தேவைப்படலாம், சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்குத் தேவைப்படாமல் போகலாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே வழக்கமாக நடக்கும் மூன்று தவறுகள்:

ஆப்பிள் டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் வால்யூம் பாதியிலேயே நின்றுவிடும். போன் அதன் உள் வால்யூமை முழுதாகத் திறப்பதில்லை. டாங்கிள் பழுது என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு வேறு டாங்கிள் வாங்குவது நல்லது.

ஜாக் இல்லாத போனுக்கு மலிவான யூஎஸ்பி-சி அடாப்டர் வாங்கினால் பல சமயம் ஒலியே வராது. அதற்குள் டாக் சிப் இருக்காது, வெறும் ஒயர்தான். ‘உள்ளே டாக் இருக்கிறதா’ என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் ஹெட்போன் ஜாக்கில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் பேஸ் வீங்கிக் குழம்பக்கூடும். அந்த ஜாக்குகள் பலவற்றில் ஸ்பீக்கர் லைனிலிருந்து நூற்றுக்கணக்கான ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் இணைப்பு வருகிறது. ஆம்பின் அவுட்புட் ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம் வரை சரி.

5. கடைக்குப் போவது

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு மெட்ரோவே வசதி. நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். உங்கள் போன், உங்கள் டாங்கிள், உங்கள் பாட்டு, உங்கள் பழைய ஹெட்போன் நான்கையும் எடுத்துப் போங்கள். கடையின் டெமோ பாட்டில் எல்லா ஹெட்போனும் அருமையாகத்தான் கேட்கும்.

கடையில் ஒலியைவிடப் பொருத்தத்தைப் பாருங்கள். தெருச் சத்தத்தில் நுணுக்கம் தெரியாது. தலையை எவ்வளவு இறுக்குகிறது, காது முழுக்க உள்ளே போகிறதா, தாடையை அசைத்தால் விலகுகிறதா என்பதெல்லாம் தெரியும். பத்து நிமிடம் கழற்றாமல் மாட்டிக்கொண்டே நில்லுங்கள். உச்சந்தலையில் வலித்தால் அது வீட்டுக்குப் போனாலும் வலிக்கும்.

ஜிஎஸ்டி எண் உள்ள பில், பெட்டியிலும் ஹெட்போனிலும் ஒரே சீரியல் எண், இந்தியாவில் வாரண்டி யார் தருகிறார்கள் என்ற விவரம், இந்த மூன்றும் இல்லாமல் பெயர்பெற்ற பிராண்டை எங்கும் வாங்காதீர்கள். பிரபல மாடல்களுக்கு அச்சு அசலான போலிகள் நிறைய. பார்வையில் பிடிபடாது. பாதி விலைக்கு ‘சீல் பீஸ்’ என்று சொன்னால் அந்த விலையே போதுமான எச்சரிக்கை. இயர்பேட் தனியாகக் கிடைக்கிறதா, கேபிள் கழற்றி மாட்டும் வகையா என்றும் கேளுங்கள். நம் ஊரில் முதலில் போவது இந்த இரண்டும்தான்.

6. மாட்டுவதில் கவனம்

காதைச் சுற்றி பேட் முழுவதும் படிந்தால்தான் பேஸ் நிற்கும். கண்ணாடிக் கம்பி, தலைமுடி, பெரிய கம்மல் எது இடையில் வந்தாலும், குறிப்பாக மூடிய வகையில், காற்று கசிந்து பேஸ் இறங்கிவிடும். சோதிக்க எளிய வழி: பேஸ் ஓடும்போது இரு கோப்பைகளையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது. தலைப்பட்டையை ஒரு படி இறக்கி, கோப்பையைச் சற்று முன்னால் தள்ளிப் பாருங்கள்.

இன்னொன்று. ஒயர் முனையில் உள்ள பின்னை முழுதாகச் செருகாவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். பாடுகிறவர் குரல் காணாமல் போய், வயலினும் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் தொடர்பு அறுந்து, இடம் வலம் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் ஒலிக்கிறது. குரல் இரு பக்கமும் சமமாக இருப்பதால் கழிந்துவிடுகிறது. ஹெட்போன் பழுதல்ல. போன் உறையைக் கழற்றிவிட்டு ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

பெரிய 6.35 மி.மீ. பின்னுக்கு இரும்புக்கட்டி மாதிரி அடாப்டர் போட்டுப் போனில் செருகாதீர்கள். அதன் எடை ஜாக்கை நெம்பி உடைத்துவிடும். சின்னத் துண்டு ஒயர் உள்ள அடாப்டர் வாங்குங்கள்.

7. வால்யூமைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்

சத்தம் சற்றுக் கூடினாலே காது அதைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபெல் போதும் தீர்ப்பு மாற. ஒரே பாட்டில் குரல் மட்டும் வரும் பத்து நொடியை எடுத்து, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, குரல் ஒரே அளவில் கேட்கும்வரை சரிசெய்யுங்கள். பிறகுதான் மற்ற ஒப்பீடு.

இரண்டு டாங்கிள்களையோ ஆம்ப்களையோ ஒப்பிடுவதானால் காதை நம்ப வேண்டாம். ஹெட்போன் செருகியிருக்கும்போதே 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, பின்னில் வரும் வோல்ட்டை மல்டிமீட்டரால் அளந்து, ஒரு சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். மலிவான சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், இதற்கு ஆகாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள மீட்டர் வேண்டும்.

8. முதல் வாரம் எப்படி இருக்கும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய.

முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மலிவான செட்டுகளில் பேஸையும் மேல் ஒலியையும் வேண்டுமென்றே தூக்கி வைத்திருப்பார்கள். காது அதற்குப் பழகியிருக்கிறது. நேரான ஒலி வந்ததும் ‘பேஸ் இல்லை, உயிர் இல்லை’ என்று தோன்றும். பேஸ் இல்லாமல் இல்லை. முன்பு ஒரே ‘தொம்’ என்று வந்தது, இப்போது ஸ்வரமாகப் பிரிந்து வருகிறது. பேஸ் கிட்டார் வரியை வாயால் முணுமுணுத்துத் தொடர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஹெட்போன் வேலை செய்கிறது.

மூன்றாம் நான்காம் நாளில் வேறொரு குழப்பம். நெருக்கமான பாட்டுகளில் குறைகள் கேட்கத் தொடங்கும். எழுபதுகளின் பதிவுகளில் டேப் இரைச்சல், கோரஸ் உச்சத்தில் கரகரப்பு, குரலில் ‘ஸ்’ குத்துவது. இவை பதிவிலேயே இருந்தவை. ‘ஸ’ எல்லாப் பாட்டிலும் குத்தினால் ஹெட்போன் குற்றம். சில பாட்டில் மட்டும் என்றால் பதிவின் குணம்.

ஒரு வாரம் புதியதை மட்டுமே கேளுங்கள். பிறகு பழையதை எடுத்து மாட்டுங்கள். மேம்பாடு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பழையது மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் பணம் வீணாகவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகும் பழையதே மேல் என்று பட்டால் தயங்காமல் திருப்பிவிடுங்கள். ‘200 மணி நேரம் ஓடவிட்டால் சரியாகும்’ என்ற பேச்சை நம்பித் திருப்பும் தேதியைத் தவறவிடாதீர்கள். நாளாக ஆக மாறுவது பெரும்பாலும் பேட் இளகிப் படிவதும் உங்கள் காது பழகுவதும்தான்.

சாதாரண செட்டிலிருந்து நல்ல நடுத்தர ஹெட்போனுக்கு வரும் தாவல் பெரியது. அங்கிருந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்குப் போனால் கிடைக்கும் மாற்றம் சிறியது, சில சமயம் வெறும் சுவை வேறுபாடு.

9. ஈக்யூ

செலவில்லாத மேம்பாடு இதுதான். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ ஆகிய செயலிகள் இதற்கு உண்டு. உங்கள் மாடலுக்கான அளவீட்டுத் திருத்தங்கள் ஆட்டோஈக்யூ என்ற இணையத் தொகுப்பில் பெரும்பாலும் இருக்கும். போட்டதும் ஒரு வேலை கட்டாயம்: எந்தப் பட்டையையாவது 6 டெசிபெல் கூட்டியிருந்தால் ப்ரீஆம்பை (செயலியில் உள்ள மொத்த அளவை) 6 டெசிபெல் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டு ‘கர்’ரென்று கேட்கும், ஹெட்போன் கிழிந்துவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

10. டாக், ஆம்ப்: இப்போதுதான்

பிரிவு 4-இன் கணக்கில் பற்றாக்குறை வந்தால் ஆம்ப் வாங்குங்கள். போனில் இரைச்சலோ ஹம்மோ இருந்தால் டாக் வாங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். சில டாக், ஆம்ப்களில் உள்ள 4.4 மி.மீ. பேலன்ஸ்டு இணைப்பின் முக்கியப் பயன் கூடுதல் சக்தி. சக்தி ஏற்கனவே போதுமென்றால் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆம்ப் வைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் கோளாறு மின்சார வழியில். பழைய வரிசை வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. ஆம்பின் உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் அதுதான் அறிகுறி. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். ஹம்மை நிறுத்த எர்த் பின்னை உடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. கரண்ட் போனபோது மட்டும் உறுமினால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம். அந்த நேரத்தில் லேப்டாப் பேட்டரியில் கேளுங்கள்.

வால்யூம் எல்லை: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். நல்ல ஹெட்போனில் கரகரப்பு வராததால் சத்தம் எவ்வளவு ஏறியது என்றே தெரியாது. ஆம்ப் வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

11. வியர்வையும் உப்புக்காற்றும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று ஜாக்கையும் பின்னையும் மங்கவைக்கும். பின்னைத் திருகும்போது ‘கரக் கரக்’ என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஜாக்குக்குள் ஊற்றாதீர்கள்.

ஃபோம் மேல் போட்ட செயற்கைத் தோல் நம் ஈரப்பதத்தில் இளகிக் கருப்புத் துகளாக உதிரும். கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றில் விட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். வியர்வையோடு மூடினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

பேட் மாற்றும்போது அதே கம்பெனியின் அதே மாடல் பேடையே வாங்குங்கள். தடிமனும் துணியும் மாறினால் ஒலியும் மாறும். நீங்கள் போட்ட ஈக்யூ அதற்குப் பொருந்தாது, மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டிவரும்.